கேமரா யார் பக்கம் நிக்குது?

நடிகர்கள் கறுப்பினத்தவரா இருந்தா போதும் அது பிளாக் சினிமா, அதாவது கறுப்பின மக்களோட சினிமாதான்னு உங்க கட்டுரையில எழுதியிருக்கீங்க, என்னால ஏத்துக்க முடியல. கறுப்பின டைரக்டர் சார்லஸ் பர்னெட்டோட 'கில்லர் ஆஃப் ஷீப்' படத்தைப் பாருங்க, 70கள்ல யூசிஎல்ஏ பல்கலைக்கழகத்துல படிக்கிறப்போ, லாஸ் ஏஞ்சல்ஸ்ல கறுப்பின மக்கள் வாழ்ந்த வாட்ஸ்ங்கிற ஏரியாவுல பெரும்பாலும் அந்த ஊர் ஜனங்களையே நடிக்க வச்சு எடுத்தது, ஆடு வெட்டுற எடத்துல வேலை பாக்குற ஒருத்தன், தூக்கமே வராது அவனுக்கு, புருஷனும் பொண்டாட்டியும் ஜன்னலோரமா மெதுவா ஆடுற அந்த சீன் பாத்துட்டு நான் ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தேன். வெளியாளுக்கு விளக்குறதுக்காகன்னு ஒரு வசனம்கூட அதுல இல்ல. என் அளவுகோல் அதான். பாட்டு உரிமை பிரச்சனையால ஒழுங்கா தியேட்டருக்கு வரவே 2007 ஆயிடுச்சு, நினைச்சாலே வயிறு எரியுது.

அதுக்குன்னு டைரக்டர் தோலை மட்டும் பாத்தாலும் சரி வராது. 1964ல வந்த 'நத்திங் பட் எ மேன்' எடுத்த மைக்கேல் ரோமர் ஜெர்மனில பொறந்த யூதர், நாஜிகள்கிட்ட இருந்து சின்ன வயசுலயே தப்பிச்சு வந்தவர், ஆனா அலபாமால தலைகுனிய மறுக்குற ஒரு கறுப்பின ரயில்வே தொழிலாளி பக்கத்துலயே கேமரா நிக்குது, அதை நான் வெளிய தள்ள மாட்டேன். ஆனா ஆஸ்கர் வாங்குன 'கிரீன் புக்'ல, கறுப்பின பியானோ கலைஞர் ஒருத்தர் இருந்தாலும் கதை அவருக்கு கார் ஓட்டுற வெள்ளைக்கார டிரைவரோடது, அந்த டிரைவர் திருந்துறதுதான் படமே. நீங்க அதையும் பிளாக் சினிமா லிஸ்ட்ல சேத்ததுதான் எனக்கு வருத்தம்.