மெட்ரோபாலிட்டன் லாஸ் ஏஞ்சலஸின் துறை அல்ல

'தென் கலிபோர்னியா மெட்ரோபாலிட்டன் நீர் மாவட்டம் என்பது லாஸ் ஏஞ்சலஸ் மாநகரத்தின் ஒரு துறை, மேயர் சொல்வதுதான் சட்டம்' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. மாநகரத்தின் சொந்த நீர், மின் துறை வேறு. 1913இல் ஓவன்ஸ் பள்ளத்தாக்கிலிருந்து தண்ணீர் கொண்டுவந்தது மாநகரம். நீங்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டீர்கள் என்று நினைக்கிறேன் (பெயர்கள் அப்படி!).

மெட்ரோபாலிட்டன், மாநிலச் சட்டமன்றம் 1927இல் இயற்றிய சட்டத்தின்படி 1928இல் உருவான தனி அமைப்பு. 14 நகரங்கள் உட்பட 26 உறுப்பு அமைப்புகள், 38 இயக்குநர்கள். லாஸ் ஏஞ்சலஸுக்கு அதில் 5 இடம்தான்.

ஆனால் இயக்குநர் ஒருவருக்கு ஒரு வாக்கு என்ற கணக்கும் இல்லை. உறுப்பு அமைப்பின் எல்லைக்குள் உள்ள சொத்துகளின் வரி மதிப்பில் ஒவ்வொரு 1 கோடி டாலருக்கும் ஒரு வாக்கு. அதனால் சொத்து மதிப்பு அதிகமுள்ள லாஸ் ஏஞ்சலஸின் குரல் கனமானது, சரி. தனியாக முடிவெடுக்க அது போதாது. இயக்குநர்களை மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதும் இல்லை, உறுப்பு அமைப்புகளே அனுப்புகின்றன. உண்மையில் கேள்வி கேட்க வேண்டிய இடம் அதுதான்.

அப்புறம், வீட்டுக் குழாய் பில்லும் மெட்ரோபாலிட்டன் அனுப்புவதல்ல. அது உறுப்பு அமைப்புகளுக்கு மொத்தமாகத் தண்ணீர் விற்கிறது, அவ்வளவுதான்.