திரையே இல்லாத பெட்டியில் எந்த ஐகானை அமுக்குவது?

பாட்டுகளையும் படங்களையும் டிவிக்கு அனுப்புகிற சர்வர் மென்பொருள் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கி ஆறு வருடமாக வைத்திருக்கிறேன். விண்டோஸில் மட்டும்தான் ஓடும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. என் பழைய கணினியில் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு சிப் இல்லை, அதனால் 11-க்கும் வழியில்லை. சரி, டெபியன் லினக்ஸைப் போட்டு, விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓடவைக்கும் வைன் வழியாக ஓட்டிவிடலாம் என்று இறங்கினேன்.

மூன்று ராத்திரி போனது. மென்பொருள் ஓடத்தான் செய்கிறது. ஆனால் புதிதாக ஒரு போல்டரைச் சேர்க்க வேண்டுமென்றால்கூட, கடிகாரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி ஐகானை ரைட் கிளிக் செய்தே ஆக வேண்டும். டிவிக்குப் பின்னால் மானிட்டர் இல்லாமல் கிடக்கிற பெட்டியில் கடிகாரம் ஏது? அந்த ஒரு ஐகானுக்காக எக்ஸ்விஎஃப்பி என்ற பொய்த்திரையை ஓடவிட்டு, வேறொரு கணினியிலிருந்து விஎன்சி வைத்து எட்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஒரு சர்வரை இப்படியா எழுதுவார்கள்!

டேட்டாபேஸில் எல்லாப் பாட்டும் டி டிரைவில் இருப்பதாகப் பதிந்திருந்தது. அந்தப் பெயரைப் புது இடத்துக்குத் திருப்பிவிடும் ஒரு சிம்லிங்க் அதைச் சரிசெய்தது. கரண்ட் போய் வந்தால் தானாக எழும்ப, லினக்ஸில் சேவைகளைத் தொடங்கிவைக்கும் சிஸ்டம்டிக்கு ஒரு கோப்பு நானே எழுதினேன்.

2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மீடியா சர்வரிலிருந்து பிரிந்த ஜெல்லிஃபின் சர்வரைப் பாருங்கள், எல்லா செட்டிங்கும் பிரவுசரிலேயே முடிகிறது. அதற்கு மாறவும் ஆசைதான். ஆனால் நான் பார்த்துப் பார்த்துச் சேர்த்த பிளேலிஸ்ட்கள் இந்தப் பழைய மென்பொருளுக்குள் பூட்டிக் கிடக்கின்றன. வெளியே எடுக்க ஒரு பட்டன்கூட வைக்கவில்லை.