அச்சு அசல்

(இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். மழை விட்டுவிட்டது, மூடுபனி இன்னும் விடவில்லை. பத்துக் காம்பரா லயத்துக்கு, அதாவது தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கு, கீழே ஆட்டோவை நிறுத்திவிட்டு ஜெகன் ஹாரன் அடிக்கிறான். இறங்கி வருவது ராமாயி ஆயம்மா. வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்காம்பராவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த டிவிசனில் இன்றைக்கு மீசை வைத்திருக்கிற பாதிப் பேரை ஒரு காலத்தில் தொட்டிலில் போட்டு ஆட்டியவர். ஹட்டனுக்கு, பேங்க்குக்குப் போக வேண்டும்.)

ஆயம்மா: டேய் ஜெகா, பின்சீட்டுல எதுக்குடா கம்பளி? பொணம் எதுவும் ஏத்திட்டு வந்தியா?

ஜெகன்: ஐயய்யோ, அது ஸ்டூடியோ ஆயம்மா.

ஆயம்மா: எது?

ஜெகன்: அந்தக் கம்பளிதான். ரெண்டு பக்கமும் ரெக்சின இறக்கிவிட்டு, தலையோட கம்பளியப் போத்திக்கிட்டு போன்ல பாடுவேன். வெளிச்சத்தம் ஒரு பொட்டு உள்ள வராது. எங்க அப்பாயி மலைக்குப் போட்டுக்கிட்டுப் போனது.

ஆயம்மா: அவ ஆயுசுக்கும் இதப் போட்டுக்கிட்டு மழையில நின்னா. ஒரு நாளும் பாடல. சரி, ஏறலாமா? இல்ல, ரெக்கார்டிங் நடக்குதா?

ஜெகன்: ஏறுங்க. போற வழியில கேளுங்க, போன கிழமை யூடியூப்ல போட்டது. சந்திரபாபு பாட்ட என் குரல்ல திரும்பப் பாடின கவர். ‘நான் ஒரு முட்டாளுங்க’.

ஆயம்மா: தெரியுது.

ஜெகன்: நான் பாட்டச் சொன்னேன்.

ஆயம்மா: நானும் பாட்டத்தான் சொன்னேன். போடு.

(பாட்டு ஓடுகிறது. உள்ளதைச் சொன்னால் பையனுக்குக் குரல் மோசமில்லை. ஆனால் வரிக்கு வரி ‘ஹிஹி’ என்று ஒரு சிரிப்பு. குரல் வேறு தகர டப்பாவுக்குள்ளிருந்து வருகிறது.)

ஆயம்மா: தொண்டையில என்னாடா கோளாறு?

ஜெகன்: அது ஆட்டோடியூன் ஆயம்மா.

ஆயம்மா: ஆட்டோவுல பாடினா அப்பிடித்தான் வருமா?

ஜெகன்: இல்லீங்க, அது ஒரு சாஃப்ட்வேர். சுதி தப்பினா இழுத்துப் பிடிச்சு நேரா நிறுத்தும்.

ஆயம்மா: சரி, நடுவுல நடுவுல சிரிக்கிறது யாரு? அதுவும் சாஃப்ட்வேரா?

ஜெகன்: அது நான்தான். காமெடி பாட்டாச்சே. சிரிச்சுப் பாடினாத்தான் ஃபீல் வரும்.

ஆயம்மா: பாடுறவனே சிரிச்சிட்டா, கேக்குறவனுக்கு அப்புறம் என்னாடா வேலை? அந்த மனுசன் பாட்டக் கேட்டிருக்கியா நீ? தான் முட்டாள்ங்கிறத கோர்ட்டுல சாட்சி சொல்ற மாதிரி அவ்வளவு நெசமா சொல்லுவாரு. அதனாலதான் நமக்குச் சிரிப்பு வந்துச்சு. நீ ‘நான் முட்டாளு, ஆனா சும்மா சொல்றேன்’னு பாடுற.

ஜெகன்: ஆராய்ச்சியெல்லாம் பண்ணித்தான் பாடினேன் ஆயம்மா. 1959, ‘சகோதரி’ படம். ஏவிஎம். பாட்டு கண்ணதாசன், மியூசிக் சுதர்சனம். படத்த எடுத்து முடிச்சுப் போட்டுப் பாத்தாங்களாம், சப்புனு இருந்துச்சாம். அதுக்கப்புறம்தான் சந்திரபாபு காமெடியத் தனியா எடுத்து உள்ள சேத்தாங்களாம்.

ஆயம்மா: ஒரு படத்தையே தூக்கி நிறுத்தின பாட்டு. அத ஒத்த ஆளா கீழ போட்டிருக்கியே, லேசுப்பட்ட வேலையா?

(தலவாக்கலை டவுனைத் தாண்டி ஆட்டோ ஹட்டன் பாதையில் திரும்புகிறது. பஸ் ஒன்று ஹாரனிலேயே ஒரு முழுப் பாட்டையும் வாசித்துவிட்டு முந்துகிறது. ஜெகன் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் மனசெல்லாம் பின்சீட்டில்.)

ஜெகன்: இது ஈசியான பாட்டு, அதனாலதான் உங்களுக்கு அப்பிடி. அடுத்தது யோடலிங் வச்சுப் பண்ணப் போறேன். கேட்டா அசந்துருவீங்க.

ஆயம்மா: என்னா லிங்?

ஜெகன்: யோடலிங். சந்திரபாபு திடீர்னு குரல உடைச்சு ‘ஊ’ன்னு மேல போயிட்டு கீழ வருவாரே, அது. நெஞ்சுக் குரலையும் தலைக் குரலையும் ஒட்ட வைக்காம, பட்டுபட்டுனு மாத்துறது. ஆல்ப்ஸ் மலையில மாடு மேய்க்கிறவங்க ஒரு மலையில இருந்து அடுத்த மலைக்குக் கூப்பிடுறதுக்குப் பாடினது. இந்தியில கிஷோர்குமார், தமிழ்ல சந்திரபாபு.

ஆயம்மா: ஓ! அப்ப அது நீதானா?

ஜெகன்: எது?

ஆயம்மா: ஏழாம் நம்பர் மலையில நின்னு ஊளையிட்டது?

ஜெகன்: பிராக்டிஸ் ஆயம்மா. எக்கோ நல்லா வரும்னு...

ஆயம்மா: அடப்பாவி! குளவி கெளம்பிருச்சுன்னு நினைச்சுப் பொம்பளைங்கள்லாம் கொழுந்தக் கொட்டிட்டு ஓடினாளுக. கங்காணி தலையில சாக்குப் படங்கப் போட்டுக்கிட்டுத் தண்ணிக் கானுக்குள்ள குப்புறப் படுத்துட்டாரு. யாரும் திரும்ப மலைக்கு ஏற மாட்டேன்னுட்டாளுக. கணக்கப்பிள்ளை அரைப் பேருதான், அரை நாள் சம்பளம்தான் போடுவேன்னு நின்னாரு. எவ்வளவு சண்டை தெரியுமா அன்னைக்கு?

ஜெகன்: எனக்கு எதிர்மலையில இருந்து பதில் கூட வந்துச்சே! நான் எக்கோன்னு நினைச்சேன்.

ஆயம்மா: எக்கோவா? அடுத்த டிவிசன்காரன் சிறுத்தை வந்திருச்சுன்னு தகரத்தத் தட்டிக்கிட்டுக் கத்தினான்.

ஜெகன்: (கொஞ்ச நேரம் பேச்சில்லாமல் ஓட்டுகிறான்.) ஆனா தூரத்துக்குக் கேட்டிருக்கு, பாத்தீங்களா?

ஆயம்மா: எனக்கு ஒண்ணுதான்டா வெளங்கல. அந்த மனுசன் தூத்துக்குடிக்காரரு. அங்க மலை கெடையாது. வளந்தது நம்ம கொழும்புல, அங்கயும் மலை கெடையாது. அவருக்கு அந்தச் சத்தம் தண்ணி மாதிரி வந்துச்சு. நீ மலையில பொறந்து, மலையில வளந்து, மலை மேலயே ஆட்டோ ஓட்டுற. உனக்கு குளவி கொட்டின சத்தம்தான் வருது.

ஜெகன்: சந்திரபாபு கொழும்பா?

ஆயம்மா: ஆராய்ச்சி பண்ணினேன்னியே? அவங்கப்பா வெள்ளைக்காரன எதிர்த்துப் பத்திரிகை நடத்தினவரு. அந்தப் பிரச்சினையில குடும்பத்தோட இங்க வந்து சேந்தாங்க. பையன் படிச்சது கொழும்புல. 43ல திரும்ப மெட்ராசுக்குப் போனாங்க.

ஜெகன்: அப்ப அவரும் நம்மள மாதிரி அங்கயிருந்து கடல் தாண்டி வந்தவருதானா!

ஆயம்மா: கடல் ஒண்ணுதான். நம்ம ஆளுங்க தலைமன்னார்ல இறங்கி மாத்தளைக்குக் காட்டு வழியா நடந்தாங்க, எத்தனையோ பேரு வந்து சேரல. அவரு பாட்டும் இங்கிலீசும் கத்துக்கிட்டுத் திரும்பிப் போயிட்டாரு. நாம கொழுந்து கிள்ளக் கத்துக்கிட்டோம், விடமாட்டேன்னுட்டாங்க.

(சென்கிளயர் வருகிறது. பனி விலகிய இடைவெளியில் நீர்வீழ்ச்சி தெரிகிறது. வெளிநாட்டுக்காரர் இருவர் முதுகைக் காட்டி செல்ஃபி எடுக்கிறார்கள்.)

ஆயம்மா: இதுவும் கவருதான்.

ஜெகன்: எது, ஃபால்சா?

ஆயம்மா: பின்ன? ஒரிஜினல் தண்ணிய மேல் கொத்மலை கரண்டுக்குத் திருப்பிட்டாங்க. இப்ப விடுறது பகலுக்கு மட்டும், பாக்க வர்றவங்களுக்கு. முன்னாடியெல்லாம் ராத்திரி லயத்துல படுத்திருந்தா இதோட இரைச்சல் கேக்கும்பாங்க. இப்ப அதுவும் நேரத்துக்கு வந்து நேரத்துக்குப் போகுது, கிளார்க்கு மாதிரி.

ஜெகன்: ஆயம்மா, உங்களுக்கு இவ்வளவு பாட்டு ஞானம் எப்பிடி வந்துச்சு?

ஆயம்மா: எங்க லயத்துக்கெல்லாம் சேத்து ஒரே ரேடியோ. கணக்கப்பிள்ளை வீட்டுல. சாயங்காலம் அவரு ஜன்னலத் தொறந்து வச்சாருன்னா நாங்க கீழ கானோரம் உக்காந்து கேப்போம். இலங்கை வானொலி, அறிவிப்பாளர் மயில்வாகனம் பேசுவாரு. கணக்கப்பிள்ளைக்கு யாரு மேலயாவது கோவம்னா ஜன்னல சாத்திருவாரு. ‘ஒண்ணுமே புரியலே உலகத்திலே’ பாட்டுக்கு முக்கியமான இடத்துல ஒரு தடவ சாத்திட்டாரு. எங்கப்பன் மறுநாள் போயி மன்னிப்புக் கேட்டாரு. என்னா தப்புன்னே தெரியாது, பாட்டுக்காகக் கேட்டாரு.

ஜெகன்: ‘குங்குமப் பூவே’ கேட்டிருக்கீங்களா? ‘மரகதம்’, அதுவும் 59தான்.

ஆயம்மா: கேட்டிருக்கியாவா? பிள்ளைக்காம்பராவுல நான் பாடுற தாலாட்டே அதுதான்டா.

ஜெகன்: அது டூயட்டாச்சே! ஜமுனாராணியும் சேந்து பாடுவாங்க.

ஆயம்மா: நான் ஒரு பக்கம் பாடுவேன், மறுபக்கம் நீ அழுவ. டூயட்டு சரியாப் போச்சு. மத்த பிள்ளைங்க எல்லாம் தூங்கிரும். நீ ஒருத்தன் மட்டும் கண்ண முழிச்சிக்கிட்டுக் கெடப்ப. அப்பவே நெனச்சேன், இது எதுக்கோ அடி போடுதுன்னு.

ஜெகன்: அப்ப நான் ரசிகனானதுக்கு நீங்கதான் காரணம். வீடியோவுல உங்களுக்கு நன்றி போட்டுர்றேன். வீடியோ இருந்தாத்தான்.

ஆயம்மா: ஏன், எங்க போகுது?

ஜெகன்: காப்பிரைட் க்ளெய்ம் வந்திருக்கு ஆயம்மா.

ஆயம்மா: யாருகிட்டயிருந்து? சந்திரபாபு 74லயே செத்துட்டாரே.

ஜெகன்: கம்பெனிகிட்டயிருந்து. மெசேஜப் பாத்ததும் எனக்கு முதல்ல சந்தோசம் தாங்கல. ‘இது சந்திரபாபு பாடல்’னு மெஷினே சொல்லுதுன்னா, நான் எவ்வளவு அச்சு அசலாப் பாடியிருக்கணும்! அம்மாவக் கூப்பிட்டுக் காட்டினேன். கேக்கெல்லாம் வாங்கினேன். அப்புறம் நல்லா வாசிச்சுப் பாத்தா, மெஷின் கண்டுபிடிச்சது என் குரல இல்ல. பின்னாடி ஓடவிட்ட ட்ராக்க.

ஆயம்மா: உன் குரல என்னான்னு சொல்லுச்சு?

ஜெகன்: ஒண்ணும் சொல்லல.

ஆயம்மா: மெஷினுக்கு மரியாதை தெரியுது.

ஜெகன்: ஆனா சட்டம் என் பக்கமும் கொஞ்சம் இருக்கு. இந்தியாவுல ரெக்கார்டுக்கு 60 வருசம்தான். 59ல வந்த ரெக்கார்டு, முடிஞ்சு போச்சு. மாட்டுறது பாட்டு எழுதினவரோட உரிமை. அங்க எழுதினவர் செத்ததிலயிருந்து 60 வருசம், நம்ம நாட்டுல 70. கண்ணதாசன் செத்தது 81. அப்ப இங்க கணக்குப் பாத்தா 2051.

ஆயம்மா: அவசரமே இல்ல. 2051ல போடு. எனக்கு நூறு வயசு கிட்ட ஆகும், காதும் அடைச்சிருக்கும்.

ஜெகன்: கிண்டல் பண்ணாதீங்க. காசு வராது, அவ்வளவுதான். வீடியோ நிக்கும்.

ஆயம்மா: பாவம் கண்ணதாசன். ‘கவலை இல்லாத மனிதன்’னு சந்திரபாபுவ வச்சு சொந்தமாப் படம் எடுத்து நட்டப்பட்டாரு. பேரு வச்ச நேரமோ என்னமோ, கவலையெல்லாம் அவருக்குத்தான். இப்ப நீ வேற.

ஜெகன்: அப்ப எப்பிடித்தான் பாடச் சொல்றீங்க? ஜனங்களுக்கு அதே மாதிரி வேணும். அதே இழுப்பு, அதே நெளிவு. கொஞ்சம் மாறினா ‘ஒரிஜினலக் கெடுத்துட்டான்’னு திட்டுறானுங்க. ‘சுராங்கனி’ய யாரு வேணா எப்பிடி வேணா பாடலாம். பஸ்ல பாடலாம், கல்யாண வீட்டுல பாடலாம், சுதியே இல்லாமப் பாடலாம். சிலோன் மனோகர் பாட்டுல இடம் இருக்கு. சந்திரபாபு பாட்டுல அவரே முழுசா உக்காந்திருக்காரே!

ஆயம்மா: (முதல் தடவையாகக் கொஞ்சம் யோசித்து) அது பேச்சு. ஆனா பிள்ளைக்காம்பராவுல நான் அவரு மாதிரியா பாடினேன்? என் தொண்டையிலதான் பாடினேன். நீ ராமாயி மாதிரி... சீ, ஜெகன் மாதிரிப் பாடு. ஹயர் கிடைக்காம ஸ்டேண்டுல ஈ ஓட்டிக்கிட்டு நிப்பியே, அந்த மொகத்தோட ‘நான் ஒரு முட்டாளுங்க’ன்னு சொல்லு. சிரிக்காத. ஜனங்க உருண்டு சிரிப்பாங்க.

ஜெகன்: அச்சு அசல் வேணாங்கிறீங்க.

ஆயம்மா: வேணவே வேணாம்.

(கொட்டகலை வருகிறது. பின்னால் சத்தம் இல்லை. கண்ணாடியில் பார்த்தால், ஆயம்மா ஸ்கூல் பிள்ளையின் கொப்பி ஒன்றை மடியில் விரித்து, பழைய பேங்க் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து, நாக்கைக் கடித்துக்கொண்டு எதையோ எழுதுகிறார்.)

ஜெகன்: என்னா ஆயம்மா செய்யிறீங்க?

ஆயம்மா: பிராக்டிஸ்.

ஜெகன்: எதுக்கு?

ஆயம்மா: கையெழுத்துக்கு. போன கிழமை அரசாங்கம் குடுக்கிற அஸ்வெசும நிவாரணக் காசு எடுக்கப் போனேன். கவுண்டர்ல இருந்த புள்ள கம்ப்யூட்டரப் பாக்குது, துண்டப் பாக்குது, என்னையப் பாக்குது. ‘இது உங்க கையெழுத்து மாதிரி இல்லையே’ன்னுச்சு. என் கை போட்டது என் மாதிரி இல்லாம வேற யாரு மாதிரிம்மா இருக்கும்னு கேட்டேன். ரெண்டு தடவ போடச் சொல்லுச்சு. ரெண்டும் ரெண்டு மாதிரி வந்துச்சு.

ஜெகன்: அப்ப பேங்க்ல இருக்கிறது?

ஆயம்மா: கணக்குத் தொறக்கையில போட்டது. இந்தா பாரு, ‘ரா’ எப்பிடி நிமிந்து நிக்குது. இப்ப போடுற ‘ரா’வுக்கு இடுப்பு வலி.

ஜெகன்: (வண்டியின் வேகத்தைக் குறைத்து, மெதுவாக) ஆயம்மா, நான் ஒண்ணு சொல்லவா? ஒரிஜினல அச்சு அசலாக் காப்பி அடிக்கக் கூடாது. உங்க கையில எப்பிடி வருதோ அப்பிடிப் போடணும்.

ஆயம்மா: அப்பிடிப் போட்டதத்தானடா திருப்பிக் குடுத்தாங்க!

ஜெகன்: கைநாட்டு வைக்கலாமே?

ஆயம்மா: எங்க பாட்டி கைநாட்டு. எங்கம்மா கைநாட்டு. எங்க லயத்துல மொதல்மொதல்ல கையெழுத்துப் போட்டு சம்பளம் வாங்கினவ நான். திரும்பவும் மைய எடுத்துப் பெருவிரல்ல பூசச் சொல்றியா?

(ஆட்டோ ஒரு குழியில் இறங்கி ஏறுகிறது.)

ஆயம்மா: போச்சு! ‘மா’வுக்கு வால் மொளைச்சிருச்சு! மெதுவா ஓட்டுடா!

ஜெகன்: மன்னிச்சுக்குங்க. ஆயம்மா, ஒரு ஐடியா. என்கிட்ட போன்ல ஆப் இருக்கு. பழைய கையெழுத்த ஸ்கேன் பண்ணி...

ஆயம்மா: சுதி தப்பினா இழுத்துப் பிடிச்சு நிறுத்துமே, அதுவா?

ஜெகன்: கிட்டத்தட்ட.

ஆயம்மா: நீ உள்ள போயிருவ. கூட என்னையும் கூட்டிக்கிட்டுப் போவ. வேணாம் சாமி.

(ஹட்டன். பேங்க் வாசலில் ஏற்கெனவே நீண்ட வரிசை. ஆயம்மா கொப்பியைக் கிழித்து முந்தானையில் முடிந்துகொண்டு இறங்குகிறார்.)

ஜெகன்: எவ்வளவு நேரம் ஆகும்?

ஆயம்மா: இங்கயே நில்லு. கையெழுத்து ஒத்துப்போச்சுன்னா ஹயர் காசு கையில.

ஜெகன்: ஒத்துப்போகலன்னா?

ஆயம்மா: திரும்பப் போறப்பவும் உன் பாட்டக் கேட்டுக்கிட்டு வர்றேன். கழிச்சுக்க.