கறக்கிறவங்க பேர்ல பாஸ்புக் இருக்கணும்

பெருந்துறை, காங்கேயம், தாராபுரம், கோபி எந்தப் பக்கம் போனாலும் விடியக்காலம் கட்டுத்தரையில் முதலில் நிற்பது பெண்கள்தான். சாணி வழித்து, சோளத்தட்டு போட்டு, தண்ணி காட்டி, கறந்து, பால் சொசைட்டியில் ஊத்திவிட்டு வந்துதான் அடுப்பே பத்த வைக்கிறார்கள். மழை ஏமாத்தின வருசத்தில் மளிகைப் பாக்கியை அடைக்கிறதும் இந்தப் பால் காசுதான். ஆனால் சொசைட்டி நோட்டில் வீட்டுக்காரர் பேர், பட்டுவாடா போவது அவர் கணக்குக்கு. இது நியாயம் சம்பந்தப்பட்டது மட்டுமில்லை, இதனால் பாலே குறைகிறது.

பால் விலை கொழுப்பையும் எஸ்.என்.எஃப்பையும் (கொழுப்பு போகப் பாலில் இருக்கும் மத்த சத்து) பார்த்துத்தான். ஒரே மாதிரி சிந்து மாடு, ஒரே தீனி, பக்கத்துக் கட்டுத்தரைக்குக் கொழுப்பு 4.2 வருது, நமக்கு 3.4 என்றால் முதலில் கறவையைப் பாருங்கள். முதல் பீச்சலில் கொழுப்பு ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான். கெட்டிப் பால் கடைசியாகத்தான் இறங்கும். மடி கழுவித் துடைத்ததும் சுரப்பு விடும். அது ஆறேழு நிமிசம்தான் நிற்கும். நடுவில் போன் வந்தது, அடுப்பில் பால் பொங்குது என்று எழுந்து போனால் கெட்டிப் பால் மடியிலேயே தங்கிவிடும். கன்னுக்குக் கடைசிப் பாலை விடுகிற வழக்கமும் இதே நட்டம். முதலில் கன்னை விட்டு ஊட்டக் கொடுங்கள், பிறகு ஒட்டக் கறந்து, கன்னு எடையில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 25 கிலோ கன்னுக்கு ஒரு நாளைக்கு இரண்டரை லிட்டர், அளந்து கொடுங்கள்.

கறந்ததும் மாடு படுக்கக் கூடாது. காம்புத் துளை அரை மணி நேரம் திறந்தே இருக்கும், சாணியில் படுத்தால் மடிநோய்தான். அந்த நேரத்துக்குத் தட்டு போட்டால் நின்னுக்கிட்டே தின்னும். மழைக்காலத்தில் கோ 4 என்கிற பச்சைத் தீவனப் புல் மட்டும் போட்டாலும் கொழுப்பு குறையும். சோளத்தட்டு மூணு நாலு கிலோ உள்ளே போனால்தான் நல்லா அசை போடும், கொழுப்பும் நிற்கும்.

இதெல்லாம் கறக்கிறவங்களுக்குத் தெரியும். தெரிந்தும் நடக்காததுக்குக் காரணம் கையில் காசு இல்லாததுதான். தாது உப்பு ஒரு நாளைக்கு 50 கிராம் வேணும். அதை வாங்கக் கேட்டுக் கேட்டு ஒரு மாசம் ஓடும், அப்புறம் மாடு சினை நிற்கவில்லை என்று பேச்சு. சாயங்காலம் மாடு கத்துது, கண்ணாடி மாதிரி வழும்பு ஒழுகுது என்று பார்ப்பது அந்த அம்மாதான். மறுநாள் காலையில் சினை ஊசி போட்டாகணும். ஊசிக்காரருக்குப் பேசவும் காசு கொடுக்கவும் வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருந்தால் பருவம் போச்சு. அடுத்தது 21 நாள் கழித்து. அந்த 21 நாள் தீனிச் செலவு யார் தலையில்?

கன்னு போட ரெண்டு மாசம் இருக்கும்போது பால் வத்தவிட்டதும் "கறக்காத மாட்டுக்கு எதுக்குப் புண்ணாக்கு?" என்று கையை இறுக்குவதுதான் மோசம். வயிற்றில் கன்னு வேகமாக வளர்வது அந்த ரெண்டு மாசத்தில்தான், அப்போது அரை வயிறாகக் கிடந்த மாடு அடுத்த ஈத்தில் நல்லாக் கறக்காது.

பேர் மாத்துவது மலையைப் பெயர்க்கிற வேலை இல்லை. ஆதாரும் அந்த அம்மா பேரில் வங்கிப் பாஸ்புக்கும் எடுத்துக்கொண்டு சொசைட்டிச் செயலாளரிடம் போங்கள். அவர் பேரில் தனியாக உறுப்பினர் சேர்க்கை கேளுங்கள். மகளிர் பால் சங்கம் உள்ள ஊரானால் நேரே அங்கே ஊத்தலாம். லாபம் வந்தால் போனஸ், சங்கத் தேர்தலில் ஓட்டு, ரெண்டும் நோட்டில் இருக்கும் பேருக்குத்தான். இந்தப் பட்டுவாடா முடிந்ததும் மாத்திவிடுங்கள், அடுத்தது அந்த அம்மா கணக்கில் விழட்டும்.