பத்து மணிக்கு வெளியே, நான்கு மணிக்குத்தான் உள்ளே

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வாழும் நம் குடும்பங்கள் பல, டிராக்கன்ஸ்பர்க் மலையடிவாரத்திலோ தென்கரையில் மார்கேட் பக்கமோ டைம்ஷேர் வாரம் ஒன்றை, அதாவது விடுமுறை விடுதி வீட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை, வாங்கிவிட்டு, தங்கினாலும் தங்காவிட்டாலும் ஆண்டுதோறும் லெவி என்னும் பராமரிப்புக் கட்டணம் கட்டி வருகின்றன. அப்படிக் கட்டுகிறவர்களைக் கடைசி நாள் காலை பத்து மணிக்கே வெளியேற்றுவது என்ன நியாயம்? வரும் நாளிலோ மாலை நான்கு மணிக்கு முன்னால் சாவி கைக்கு வராது.

சென்ற முறை ஒன்பதரைக்கே கதவைத் தட்டினார்கள். அம்மா பிரியாணிச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே, பட்டியலுடன் வந்த பெண் கரண்டிகளை எண்ணத் தொடங்கினார்; ஒரு தேக்கரண்டி குறைகிறது என்பதற்காக, கட்டி வைத்த பெட்டிகளையெல்லாம் அவிழ்த்துத் தேட வேண்டியதாயிற்று. குழந்தைகளின் நீச்சல் உடைகள் சொட்டச் சொட்டப் பையில் திணிக்கப்பட்டன. அந்தப் பணியாளரை நான் குறை சொல்லவில்லை. அவரை விரட்டுவதும் அதே கடிகாரம்தான்.

மதியம் வரை இருக்க அனுமதி கேட்டால், கூடுதல் கட்டணம் கட்டு என்கிறார்கள். அதையும் முன்கூட்டியே உறுதி செய்யமாட்டார்களாம், அன்று காலையில்தான் சொல்வார்களாம். வயதானவர்களை வைத்துக்கொண்டு எதை நம்பித் திட்டமிடுவது? பக்கத்து வீட்டுக்கு அன்று யாருமே வரவில்லை, பூட்டியே கிடந்தது. அங்கேயாவது அம்மாவை உட்கார வைக்கக் கூடாதா? டைம்ஷேருக்கென்று 1983ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றிய நாடு இது. உரிமையாளர் என்று பத்திரத்தில் எழுதிக் கொடுத்துவிட்டு, வாடகைக்கு வந்தவரைப் போல வாசலில் நிறுத்தினால் வயிறு எரியாதா?