போனில் கவுன்சிலிங் கிடைக்கிறது, பேசுவதற்கு இடம் எங்கே?

மனநல ஆலோசனை கைக்குள்ளேயே வந்துவிட்டது, ஒரு போன் இருந்தால் போதும் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். வட சென்னையில் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, காசிமேடு மக்களோடு மனநல கவுன்சிலராக வேலை பார்க்கிறவள் நான். போன் இங்கே வீட்டுக்கு ஒன்றாவது இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு போய் யாருக்கும் கேட்காமல் அழுவதற்கு ஓர் இடம்தான் பெரும்பாலான வீடுகளில் கிடையாது. அதைப் பற்றி யாரும் பேசுவதே இல்லை என்பதால்தான் இந்தப் பதிவு.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் மனநல மருத்துவரைப் பார்க்க ஒருநாள் கூலியை விட்டுவிட்டு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓபி சீட்டு வாங்கி நிற்க வேண்டும், இல்லையென்றால் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனை. 1794இல் தொடங்கிய அந்த மருத்துவமனை எத்தனையோ பேரைத் தேற்றி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது, ஆனாலும் நம் தெருக்களில் அந்தப் பெயரை இன்னும் வசவாகத்தான் சொல்கிறார்கள், அங்கே போய் வந்தது தெரிந்தால் பெண்ணுக்கு வரன் வராது என்று பயப்படுகிறார்கள். 2020 மார்ச்சில் தொலைமருத்துவத்துக்கான வழிகாட்டுதல் வந்தது, ஊரடங்கில் போன் வழியாகவே பலருக்கு உதவி போய்ச் சேர்ந்தது. 2022 அக்டோபரில் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் வந்தது. 14416, இலவசம், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணை நான் பார்க்கிற எல்லோருக்கும் எழுதிக் கொடுக்கிறேன், நீங்களும் சேமித்து வையுங்கள்.

சரி, அழைக்கிறவர்கள் எங்கிருந்து பேசுகிறார்கள்?

என்னிடம் போனில் மனம் விட்டு அதிக நேரம் பேசுகிறவர்கள் கன்டெய்னர் லாரி ஓட்டுநர்கள். துறைமுகத்துக்குள் போக எண்ணூர் நெடுஞ்சாலையில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கிறார்களே, அந்த கேபினுக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டால் அது அவர்களுக்குத் தனியறை. ஆட்டோ ஓட்டுகிறவர் ஓரமாக வண்டியை நிறுத்திவிட்டுப் பேசுவார். ஹவுசிங்போர்டில் ஒரே அறையில் மாமியார், கணவர், மூன்று பிள்ளைகளோடு இருக்கிற பெண்ணுக்கு எங்கே கேபின்? பாத்ரூமில் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு பேசுவார், அதுவும் பொதுக் கழிவறையாக இருந்தால் அதுவும் இல்லை. காசிமேட்டில் கணவர் விசைப்படகில் கடலுக்குப் போயிருக்கிற நாட்களில்தான் பல பெண்கள் பேசுவார்கள். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் வந்துவிட்டால் வருமானம் நின்று, கடன் ஏறி, வீட்டில் சண்டை கூடுகிற நேரம் அது, பேச்சு மிகவும் தேவைப்படுகிற நேரம், ஆனால் ஆள் வீட்டிலேயே இருப்பதால் அழைப்பு வராது. தேவை கூடும்போது அழைப்பு குறைகிறது. எந்த ஆப்பின் புள்ளிவிவரத்திலாவது இது தெரியுமா?

படிக்கிற பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் கஷ்டம். முழு அழைப்பிலும் 'ம்', 'ம்ஹூம்', 'சரிக்கா' தவிர வேறு வார்த்தை வராது. பக்கத்தில் ஆள் இருக்கிறது என்று புரிந்துகொண்டு நானே கேள்வியை ஆமாம், இல்லை என்று பதில் வருகிற மாதிரி மாற்றிக் கேட்பேன். யாராவது அறைக்குள் வந்தால் என்ன சொல்லி வைக்க வேண்டும் என்று முதல் நாளே பேசி வைத்துக்கொள்வோம். நேரில் உட்கார்ந்தால் கை நடுங்குவது தெரியும், சாப்பிடாமல் வந்திருப்பது முகத்தில் தெரியும், பேசாமல் இருந்தால்கூட அந்த மௌனத்தோடு கூட உட்காரலாம். போனில் மௌனம் வந்தால் லைன் கட்டாகிவிட்டதா, அழுகிறாளா, அம்மா வந்துவிட்டாரா, ஒன்றும் தெரியாது.

அப்புறம் அந்தப் போன் யாருடையது? பல வீடுகளில் அது கணவருடையது, அல்லது அண்ணனுடையது. சில போன்களில் எல்லா அழைப்பும் தானாகவே ரெக்கார்ட் ஆகும்படி வைத்திருப்பார்கள். ராத்திரி உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டால் அந்தப் பெண் சொன்னதெல்லாம் போச்சு. 'உங்கள் கவுன்சிலிங் இன்று 5 மணிக்கு' என்று ஆப்பிலிருந்து வாட்ஸ்அப்பில் வந்து விழுகிற ஒரு வரி போதும், அன்று வீட்டில் அடி விழுவதற்கு. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் சிகிச்சை பெறுபவரின் ரகசியத்தை உரிமையாகவே எழுதி வைத்திருக்கிறது. மருத்துவமனையில் அதைக் காக்கலாம், பத்துக்குப் பத்து அறைக்குள் யார் காப்பது?

இப்போது பிள்ளைகள் ராத்திரி இரண்டு மணிக்கு சாட்ஜிபிடியிடம் மனசைக் கொட்டுகிறார்கள் என்று பெரியவர்கள் பதறுகிறார்கள். எனக்கும் பயம்தான், சாகலாம் போலிருக்கிறது என்று ஒரு பிள்ளை சொன்னால் ஓடிப் போய்க் கதவைத் தட்ட அந்த இயந்திரத்துக்குக் கால் கிடையாது. ஆனால் ஏன் அங்கே போகிறார்கள் என்று கேட்டுப் பார்த்தேன். டைப் அடித்தால் சத்தம் வராதுக்கா என்றாள் ஒருத்தி. போர்வைக்குள் படுத்தபடி, பக்கத்தில் தங்கை தூங்கும்போதே சொல்லிவிடலாம். 1966இல் அமெரிக்காவின் எம்ஐடியில் ஜோசப் வைசன்பாம் எலிசா என்ற உரையாடும் கணினி நிரலை வெளியிட்டார். அது வெறும் நிரல்தான் என்று தெரிந்திருந்த அவருடைய பெண் செயலாளரே, கொஞ்ச நேரம் அதோடு பேசிவிட்டு, நீங்கள் அறையை விட்டு வெளியே போகிறீர்களா என்று அவரிடம் கேட்டாராம். இதை இயந்திரத்திடம் மனிதர் ஏமாறும் கதையாகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் தெரிவது, மனசு திறக்கும்போது அந்தப் பெண் முதலில் கேட்டது தனிமையை என்பதுதான்.

சத்தம் வராது, சரி. எழுதியது எங்கே போகிறது? பின்லாந்தில் வஸ்தாமோ என்ற மனநல சிகிச்சை நிறுவனத்தின் பதிவுகளைத் திருடி, 2020இல் சிகிச்சை பெற்றவர்களுக்கே மெயில் அனுப்பி, பணம் தராவிட்டால் நீ சொன்னதை வெளியிடுவேன் என்று மிரட்டினார்கள். அமெரிக்காவின் பெட்டர்ஹெல்ப் என்ற ஆன்லைன் கவுன்சிலிங் நிறுவனம், வாடிக்கையாளர் விவரங்களை விளம்பரத்துக்காக பேஸ்புக், ஸ்னாப்சாட் போன்றவற்றுக்குக் கொடுத்தது என்ற புகாரில் 2023இல் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. அந்த ஊர்களிலேயே இப்படி. ஆங்கிலத்தில் பத்துப் பக்க நிபந்தனையைக் காட்டி 'ஒப்புக்கொள்கிறேன்' அழுத்தச் சொன்னால் தண்டையார்பேட்டையில் பத்தாவது படிக்கிற பிள்ளை என்ன செய்யும்?

ரீல்ஸ் பார்த்துவிட்டு எனக்கு பைபோலார், எனக்கு ஏடிஎச்டி என்று தாங்களே ஒரு மனநலப் பிரச்சினையின் பெயரைச் சொல்லிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றித் தனியாக எழுத வேண்டும். அவர்களைத் திட்டாதீர்கள். தப்பான பெயரோடு வந்தாலும் வருகிறார்களே.

நான் கேட்பது பெரிய திட்டம் ஒன்றும் இல்லை. கொளத்தூரில் 2024இல் 'முதல்வர் படைப்பகம்' என்று ஒன்றைத் திறந்தார்கள், படிக்க இடம், லேப்டாப்போடு உட்கார்ந்து வேலை பார்க்க இடம், மீட்டிங் அறை எல்லாம் இருக்கிறது. வீட்டில் இடம் இல்லாத பிள்ளைகளுக்குப் படிக்க இடம் தர வேண்டும் என்று அரசுக்குத் தோன்றியிருக்கிறது, பாராட்டுகிறேன். அதே மாதிரி நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு சின்ன அறை, மாநகராட்சிப் பள்ளியில் சாயங்காலம் ஒரு வகுப்பறை, நூலகத்தில் ஒரு தடுப்பு. உள்ளே ஒரு நாற்காலி, 14416க்கு நேராகப் போகிற ஒரு போன், உள்பக்கம் தாழ்ப்பாள். வெளியே போர்டில் மனநலம் என்று எழுத வேண்டாம், பிரஷர் பார்க்க வந்தேன் என்று வீட்டில் சொல்லிக்கொள்ளட்டும். கவுன்சிலிங் செய்கிற நண்பர்களே, ஆப் செய்கிற தம்பிகளே, நீங்களும் நினைவூட்டல் செய்தியில் கவுன்சிலிங் என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள், அழைத்ததும் முதல் கேள்வியாகப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேளுங்கள், பேச முடியாதவர்கள் தமிழில் எழுதி அனுப்ப வழி வையுங்கள், எழுதினால் மறுமுனையில் ஒரு மனிதர் பதில் சொல்லட்டும்.

புளியந்தோப்பு, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் சாயங்காலம் சும்மா பூட்டிக் கிடக்கிற அறை, சங்கக் கட்டடம், டியூஷன் சென்டர் எதுவாக இருந்தாலும் தெரிந்தவர்கள் இன்பாக்ஸில் சொல்லுங்கள். ஜன்னல் தெருவைப் பார்க்காமல் இருந்தால் நல்லது.