‘கம்ப்ளீட்’, ‘ஃபினிஷ்ட்’: அகராதிக்குத் தெரியாதா?

‘கம்ப்ளீட்’, ‘ஃபினிஷ்ட்’ இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஆங்கில அகராதியாலும் விளக்க முடியவில்லையாம். லண்டன் போட்டி ஒன்றில் ஒருவர், ‘சரியான பெண்ணைக் கல்யாணம் செய்தால் நீ கம்ப்ளீட், தவறான பெண்ணைச் செய்தால் நீ ஃபினிஷ்ட்’ என்று விளக்கிக் கைதட்டல் அள்ளினாராம். வாட்ஸ்அப்பில் வருடக்கணக்காகச் சுற்றும் செய்தி இது. ஜோக் நல்ல ஜோக்தான். அகராதி மேல் போட்ட பழிதான் பொய்.

சாதாரணப் பள்ளி அகராதியே சொல்லிவிடும்: குறையில்லாமல் முழுதாக இருப்பது ‘கம்ப்ளீட்’, முடிந்துபோனது ‘ஃபினிஷ்ட்’. லத்தீன் வேரும் வேறு வேறு. முன்னதற்கு ‘நிரப்புதல்’, பின்னதற்கு ‘முடிவு’. 52 சீட்டும் இருந்தால் கட்டு கம்ப்ளீட். அதைப் போய் ஃபினிஷ்ட் என்று யாரும் சொல்வதில்லை. பால் தீர்ந்துவிட்டதா? அது ஃபினிஷ்ட், கம்ப்ளீட் ஆகாது.

சரி, குழப்பம் எங்கே? வீட்டுப்பாடத்தை முடித்தேன் என்னும்போது இரண்டு சொல்லும் பொருந்தும். அதையும் அகராதி மறைக்கவில்லை.